விண்ணிலிருந்து பூமியை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியை நோக்கும் செயற்கைக்கோள் என்பது மேலே பறக்கும் ஒரு பெரிய கேமராதானே?

பாதி சரி. கேமரா போன்ற கருவியைச் சுமப்பவை நிறைய உண்டு. ஆனால் அவை அனுப்புவதை வெறும் படம் என்று நினைத்துக்கொண்டால் பின்னால் பல விஷயங்கள் குழம்பும். அந்தக் கருவி செய்வது ஒரே வேலைதான்: தரையிலிருந்தும் கடலிலிருந்தும் காற்றிலிருந்தும் தன்னை வந்தடையும் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளப்பது. அதில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒரு சிறு துண்டு. அகச்சிவப்பு, புற ஊதா, நுண்ணலை என்று கண்ணுக்கு எட்டாதவையே அதிகம். திரையில் பார்க்கும் பளபளப்பான வண்ணப்படம், அந்த எண்களுக்கு யாரோ பிறகு பூசிய நிறம்.

கேமராவே இல்லாதவையும் உண்டு. சில ரேடார் துடிப்பை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கின்றன. 2018ல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 நொடிக்கு 10,000 முறை பச்சை லேசரைச் சொடுக்கி, திரும்பி வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பனிப்பாளத்தின் உயரத்தைக் கணக்கிடுகிறது. கிரேஸ் என்ற இரட்டையருக்குப் பூமியைப் பார்க்கும் கண்ணே கிடையாது. அவர்கள் கதை கீழே வருகிறது.

இது எப்போது தொடங்கியது?

1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட அமெரிக்காவின் டைரோஸ்-1, வெற்றிகரமாக வேலை செய்த முதல் வானிலைச் செயற்கைக்கோள். 78 நாள்தான் உழைத்தது. மங்கலான மேகப்படங்கள்தான் அனுப்பியது. ஆனால் மேகங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒழுங்கான சுருள்களாக அமைந்திருப்பதை அதற்கு முன் யாரும் ஒரே பார்வையில் கண்டதில்லை. நிலத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் வேலை 1972 ஜூலையில் ஏவப்பட்ட லேண்ட்சாட்-1 வழியாகத் தொடங்கியது. அந்த வரிசை இன்றும் அறுபடாமல் ஓடுகிறது. இந்தியா 1979ல் பாஸ்கரா-1, 1988ல் ஐஆர்எஸ்-1ஏ என்று இந்தத் துறைக்குள் வந்தது.

எவ்வளவு உயரத்தில் சுற்றுகின்றன? ஒன்றே உலகம் முழுவதையும் எப்படிப் பார்க்கிறது?

பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே, பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுகிறது. ஆகவே எப்போதும் ஒரே பகுதிக்கு மேலேயே நிற்பதுபோல் இருக்கும். இன்சாட்-3டிஎஸ், ஜப்பானின் ஹிமாவரி போன்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் இந்த வகை. ஹிமாவரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை தன் பக்கத்துப் பூமி முழுவதையும் அளந்து அனுப்பிவிடும். தூரம் அதிகம் என்பதால் நுணுக்கம் குறைவு.

இரண்டாவது வகை சுமார் 500 முதல் 900 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 நிமிடம், நாளுக்கு 14 அல்லது 15 சுற்று. இது வடக்கு தெற்காக ஓடும்போது அடியில் பூமி கிழக்கு நோக்கி உருண்டுகொண்டிருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய பட்டை ஒன்று கிடைக்கும். தோலை உரிப்பதைப் போலப் பட்டை பட்டையாக முழு உலகமும் வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. பூமி சரியான உருண்டை இல்லை, இடுப்பில் சற்றுப் பருத்தது. அந்தப் பருமனின் ஈர்ப்பு சுற்றுப்பாதையை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். பாதையின் சாய்வைச் சுமார் 98 டிகிரியாக வைத்துவிட்டால், அது நாளுக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி, சூரியனைப் பூமி சுற்றும் வேகத்தோடு ஒத்துப்போகும். விளைவு, லேண்ட்சாட் எந்த நாட்டின் மேல் போனாலும் அங்கே காலை 10 மணியை ஒட்டிய நேரமாகவே இருக்கும். நிழல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுவதால், போன ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் நம்பி ஒப்பிடலாம். எரிபொருளே செலவழிக்காமல் பூமியின் தொந்தியை வைத்துச் சாதித்த வேலை இது.

எவ்வளவு சின்னப் பொருள் வரை தெரியும்?

லேண்ட்சாட்டில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல்-2ல் 10 மீட்டர். வணிக நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அரை மீட்டருக்கும் கீழே. ஆனால் பிக்சலைவிடச் சிறியது தெரியவே தெரியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

1970களில் கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால், வரைபடங்களில் இல்லாத ஒரு பாறைத் தீவை லேண்ட்சாட்-1 காட்டிக்கொடுத்தது. தீவின் அளவு 25 மீட்டருக்கு 45 மீட்டர். அந்தக் கருவியின் பிக்சலோ சுமார் 80 மீட்டர்! எப்படிச் சாத்தியம்? கடல் அகச்சிவப்பில் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பில் ஒரு பாறை கலந்தால் அந்தப் பிக்சலின் சராசரி எண் சற்று ஏறிவிடும். தீவின் வடிவம் தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்பது தெரிந்துவிடும். உறுதிசெய்ய ஹெலிகாப்டரில் இருந்து கயிறு கட்டி இறக்கப்பட்ட அளவையாளரைத் தீவில் இருந்த பனிக்கரடி அடிக்கப் பாய்ந்ததாகவும், அவர் அவசரமாக மேலே இழுக்கப்பட்டதாகவும் சொல்வார்கள். அந்தத் தீவின் பெயர் இன்று லேண்ட்சாட் தீவு.

அண்டார்க்டிகாவில் எம்பரர் பென்குவின் கூட்டங்களைக் கண்டுபிடிப்பதும் இதே மாதிரிதான். 30 மீட்டர் பிக்சலில் பென்குவின் தெரியுமா? தெரியாது. அவை வெண்பனியில் விட்டுவைக்கும் பழுப்பு எச்சக்கறை நன்றாகவே தெரியும்.

அப்படியானால் என் வீட்டை இப்போது நேரலையில் பார்க்க முடியுமா?

முடியாது. தாழ்வான பாதையில் ஓடுவது உங்கள் வீட்டுக்கு மேலே சில நிமிடம்கூட நிற்பதில்லை. லேண்ட்சாட்-8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்கு வரும். நின்று பார்க்கும் வகைக்கோ வீடு அல்ல, ஊரே ஒரு சில பிக்சல்தான். வரைபடச் செயலிகளில் தெரியும் கூரைகள் மாதங்களோ ஆண்டுகளோ பழையவை, அதிலும் பல, விமானத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

பயிர் வாடுகிறது, காடு அழிகிறது என்பதெல்லாம் எப்படித் தெரிகிறது?

இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். ஆனால் இலையின் உள்ளே இருக்கும் திசு அண்மை அகச்சிவப்பை அப்படியே திருப்பியடிக்கும். நம் கண்ணுக்கு அகச்சிவப்பு தெரிந்திருந்தால் காடுகள் பச்சையாக அல்ல, கண்கூசும் அந்த நிறத்தில்தான் தெரியும். இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் தாவரக் குறியீடு. செழிப்பான இலைப்பரப்பில் அது 1ஐ நோக்கி ஏறும், வெற்று நிலத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பயிர் நோயில் விழும்போதோ தண்ணீரின்றித் தவிக்கும்போதோ இந்த எண் இறங்கத் தொடங்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குறியீடு பச்சையைச் சொல்லும், எந்தப் பச்சை என்று சொல்லாது. இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு ஒரே மரத்தை வரிசையாக நட்ட தோட்டமும் அதற்கு அமோகமாகத்தான் தெரியும்.

மேகம் மூடினால் என்ன செய்வார்கள்? வெள்ளம் வரும் நாளில் மேகமும் இருக்குமே?

சரியான கேள்வி. ஒளியை நம்பும் கருவிகளுக்கு மேகம் வந்தால் அன்றைக்கு விடுமுறைதான். அங்கே கைகொடுப்பது நுண்ணலை.

ஒரு வழி ரேடார். சூரியனை நம்பாமல் தானே துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்கும். மேகம், இரவு இரண்டும் அதற்குப் பொருட்டல்ல. அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி துடிப்பை வேறு பக்கம் தட்டிவிடுவதால் ரேடார் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். காற்றில் நீர் அலைபாய்ந்தாலோ, மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே தேங்கினாலோ இந்தக் கணக்கு தடுமாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே இடத்தை இரண்டு நாள்களில் ரேடாரால் அளந்து, திரும்பிய அலைகளின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) ஒப்பிட்டால் தரை சில சென்டிமீட்டர் நகர்ந்ததுகூடத் தெரியும். நிலநடுக்கம், எரிமலை வீக்கம், நீரை உறிஞ்சியதால் அமுங்கும் நகரம் எல்லாம் இப்படித்தான் பிடிபடுகின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் இதற்கென்றே பிறந்தது. 12 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, இரண்டு அலைவரிசை ரேடார்கள், 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதை. அதன் நீண்ட அலை இலைகளை ஊடுருவிக் கிளை, தண்டு வரை போகும்.

இன்னொரு வழி, எதையும் அனுப்பாமல் பூமி தானாகவே உமிழும் மெல்லிய நுண்ணலையை அளப்பது. பனியும் கடல்நீரும் அதில் வேறு வேறாகத் தெரியும். 1978 இறுதியிலிருந்து ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு, ஆறு மாத இருட்டிலும், இப்படி அளக்கப்படுகிறது. இதுவரையிலான மிகக் குறைந்த பரப்பு 2012 செப்டம்பரில் பதிவானது, சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர்.

புயல் எச்சரிக்கைக்கு மேகப்படம் போதுமா?

செய்தியில் காட்ட அது போதும். 1961ல் எஸ்தர் என்ற அட்லாண்டிக் புயலை முதலில் கண்டது டைரோஸ்-3 எடுத்த படம்தான். ஆனால் இன்றைய முன்கணிப்பு மாதிரிகளுக்குத் தீனி போடுவது அந்தச் சுழலும் வெள்ளை மேகம் அல்ல. துருவப்பாதைக் கருவிகள் அளக்கும் வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றின் அடுக்கடுக்கான எண்கள்தான். கடல் காற்றின் வேகத்தை அளக்கும் விதமும் சுவாரசியமானது. காற்று கடல் மேல் சிற்றலைகளை எழுப்பும், சிற்றலை கூடினால் ரேடார் எதிரொலி கூடும். அதைக் கணக்குப் போட்டு வேகம், திசை இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். ஓஷன்சாட் வரிசை செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலிருந்து கடல் மட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள் என்பதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எப்படி என்று தெரிந்துகொண்டு நம்புவது நல்லது. 1992ல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் தொடங்கி, ஜேசன் வரிசையில் மூன்று, 2020ல் சென்டினல்-6 என்று எல்லாமே 1,336 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே பாதையில் ஓடியிருக்கின்றன. ரேடார் துடிப்பு கடலில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். செயற்கைக்கோள் அந்த நொடியில் எங்கே இருந்தது என்பது லேசர், ஜிபிஎஸ் வழியாகத் தனியாகத் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கடலின் உயரம்.

ஓர் அளவையில் சில சென்டிமீட்டர் பிழை இருக்கும். காற்றிலுள்ள ஈரம் துடிப்பைத் தாமதப்படுத்தும், அதற்குத் திருத்தம் வேண்டும். அயனி மண்டலத்துக்கு இன்னொரு திருத்தம், அலை ஏற்ற இறக்கத்துக்கு மற்றொன்று. ஆனால் 10 நாளுக்கு ஒருமுறை உலகக் கடல் முழுக்க லட்சக்கணக்கான அளவைகள் சேரும்போது, தாறுமாறான பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மில்லிமீட்டர் என்பது அந்தச் சராசரிக்குத்தானே தவிர, உங்கள் ஊர்க் கடற்கரைக்கு அல்ல.

சராசரியால் போகாத பிழை ஒன்று உண்டு. பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே கடலை வேறு வேறு எண்ணாகச் சொன்னால்? அதனால்தான் புதியதை ஏவியவுடன் பழையதை அணைத்துவிடுவதில்லை. சென்டினல்-6, ஜேசன்-3க்குச் சுமார் 30 நொடி பின்னால் ஏறக்குறைய ஓர் ஆண்டு ஓடியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தண்ணீரை அளந்ததால் வித்தியாசம் எவ்வளவு என்று கண்டு சரிசெய்ய முடிந்தது. இந்த முப்பது ஆண்டுகளில் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஏறும் வேகமோ தொடக்கத்தில் இருந்ததைப்போல் இரண்டு மடங்காகிவிட்டது.

நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எப்படிப் பார்க்கிறார்கள்?

பார்ப்பதே இல்லை, எடை போடுகிறார்கள். 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஓடிய இரண்டு செயற்கைக்கோள்கள். துரத்திக்கொண்டே ஓடியதால் டாம், ஜெர்ரி என்றே செல்லப்பெயர். முன்னால் ஓடுவது எடை கூடிய நிலப்பகுதியை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு அதைச் சற்று இழுக்கும், இடைவெளி நீளும். பின்னால் வருவது அங்கே வந்ததும் இடைவெளி குறையும். அந்த மாற்றத்தை மைக்ரான் அளவுக்கு, அதாவது தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு வரைக்கும், நுண்ணலை மூலம் அளந்தார்கள். மாதந்தோறும் பூமியின் ஈர்ப்பு வரைபடம் கிடைத்தது.

மலை மாதத்துக்கு மாதம் மாறாது. மாறுவது தண்ணீர்தான். அந்த மாற்றத்திலிருந்து மண் ஈரம், ஏரி, பனி ஆகியவற்றின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீரின் கணக்கு. 2009ல் வெளியான ஆய்வு ஒன்று, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல்போனதாகச் சொன்னது. அந்த ஆண்டுகளில் மழை பொய்க்கவில்லை. நீர் போன வழி குழாய்க்கிணறு.

ஆனால் கிரேஸை வைத்துக்கொண்டு எங்கள் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்கக் கூடாது. அது பிரித்தறியும் அலகு முன்னூறு கிலோமீட்டர் கணக்கு. 2018லிருந்து இந்த வேலையை கிரேஸ்-எஃப்ஓ இணை செய்கிறது.

நான் சுவாசிக்கும் காற்றின் மாசு விண்ணிலிருந்து தெரியுமா?

நேரடியாகத் தெரியாது. 2017ல் ஏவப்பட்ட சென்டினல்-5பியின் டிரோபோமி கருவி, தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை ஒரு தூணில் எவ்வளவு நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது என்று அளக்கும். அதில் உங்கள் மூக்கருகே எவ்வளவு என்பது கணினி மாதிரிகள், தரைக்கருவிகள் துணையோடு போடும் கணக்கு. அதுவும் நண்பகல் தாண்டி 1.30 மணியை ஒட்டி, நாளுக்கு ஒரு தடவை. காலை நெரிசலின் புகையை அது பார்ப்பதே இல்லை.

நைட்ரஜன் டை ஆக்சைடு சில மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதால் புறப்படும் இடத்திலேயே திட்டாகத் தெரியும். 2020ல் ஊரடங்கு வந்தபோது நகரங்களின் மேல் அந்தத் திட்டுகள் சட்டென்று வெளிறின. கார்பன் டை ஆக்சைடு இதற்கு நேர் எதிர். நூற்றாண்டுகள் தங்கி எங்கும் கலந்துவிடும் வாயு அது. பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சம் பங்கு இருக்கும் இடத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே நாசா செய்த ஓசிஓ 2009ல் ராக்கெட்டின் முனைக்கூடு கழலாததால் கடலில் விழுந்தது. மறுபடி செய்த ஓசிஓ-2, 2014ல்தான் மேலே போனது.

காட்டுத்தீ?

நெருப்பு நடு அகச்சிவப்பில் கடுமையாக ஒளிர்வதால், பிக்சலில் மிகச்சிறு பங்கு எரிந்தாலே காட்டிக்கொடுக்கும். 375 மீட்டர் பிக்சலுள்ள விர்ஸ் கருவி கண்ட தீப்புள்ளிகள் சில மணி நேரத்தில் இணையத்தில் வந்துவிடும். எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயுவும் அதே புள்ளிதான், அதனால் புள்ளியைக் கண்டதும் காடு பற்றிக்கொண்டது என்று பதற வேண்டாம்.

செயற்கைக்கோள்கள் ஓசோன் ஓட்டையைப் பார்த்தும் தவறவிட்டன என்கிறார்களே?

கதை கொஞ்சம் மாறிப் பரவியிருக்கிறது. 1985ல் ஓட்டையை உலகுக்குச் சொன்னவர்கள் அண்டார்க்டிகாவின் ஹாலி தளத்தில் பல பத்தாண்டுகளாகத் தரையிலிருந்து அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர்: ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின். அப்போது மேலே 1978லிருந்து நிம்பஸ்-7 ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. அதன் மென்பொருள், ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 180க்குக் கீழே போன எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று குறியிட்டு ஒதுக்கியது. ஓசோன் அவ்வளவு குறையும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. எண்களைத் தூக்கியெறிந்துவிட்டார்கள் என்பது மட்டும் சரியல்ல. குறியிட்டவை அப்படியே இருந்தன, நாசா குழு அவற்றை ஆராய்ந்துகொண்டும் இருந்தது. பிறகு ஓட்டை ஒரு கண்டம் அளவுக்குப் பரந்தது என்று வரைந்து காட்டியதும் அதே தரவுதான்.

கருவி பொய் சொல்லவில்லை, நாம்தான் எதிர்பார்க்காததைக் கேட்கத் தயாராக இல்லை. இதற்கு மாறான கதையும் உண்டு. 1990களில் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கீழ் வளிமண்டலம் சூடாகவில்லை என்று வாதம் நடந்தது. 1998ல் ஒரு காரணம் பிடிபட்டது: காற்றின் உராய்வால் செயற்கைக்கோள்கள் மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தன, பார்க்கும் கோணம் மாறிப் பொய்யான குளிர்ச்சி கணக்கில் புகுந்திருந்தது. அவை கடக்கும் நேரம் தள்ளிப்போனதால் வந்த இன்னொரு பிழை 2005ல் சரிசெய்யப்பட்டது. வெப்பமாதல் கணக்கில் தெரிய ஆரம்பித்தது.

ஒரு செயற்கைக்கோள் எத்தனை ஆண்டு உழைக்கும்?

சொல்ல முடியாது. லேண்ட்சாட்-5ஐ மூன்று ஆண்டுக்கென்று செய்தார்கள், 1984லிருந்து 2013 வரை ஓடியது. நல்லவேளை! லேண்ட்சாட்-6, 1993ல் பாதையை எட்டாமலே தொலைந்தது. அடுத்தது 1999ல் வரும்வரை அந்தக் கிழட்டுக் குதிரைதான் வண்டியை இழுத்தது. அது இடையில் படுத்திருந்தால் உலகக் காடுகளின் வரலாற்றில் ஆறு ஆண்டு வெற்றிடம் விழுந்திருக்கும், எந்தப் பணத்தாலும் அதைத் திரும்ப நிரப்ப முடியாது. சென்டினல்-1பி 2021 டிசம்பரில் மின்கோளாறால் நின்றுபோனது, மாற்று ஏறியது 2024 டிசம்பரில். மீத்தேன்சாட் 2024 மார்ச்சில் ஏவி 2025 ஜூனில் தொடர்பிழந்தது.

உழைத்து முடித்தவற்றின் கதி இரண்டு மாதிரி. 2012ல் திடீரென்று பேச்சை நிறுத்திய எட்டு டன் என்விசாட் இன்னும் மேலே குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்திய பிரெஞ்சு மேகா டிராபிக்ஸை மட்டும் 2023 மார்ச்சில் எஞ்சிய எரிபொருளைக் கொண்டு பசிபிக் மேலே திட்டமிட்டு இறக்கி எரித்தார்கள்.

இந்தத் தரவு பொதுமக்களுக்குக் கிடைக்குமா?

பெரும்பகுதி இலவசம். லேண்ட்சாட் படங்கள் 2008 வரை விலைக்கு விற்கப்பட்டன. இலவசமாக்கியபின் பதிவிறக்கம் பல மடங்கு பெருகி, ஆய்வு செய்யும் விதமே மாறிப்போனது. சென்டினல் தரவும் இலவசம். மிக நுணுக்கமான வணிகப் படங்களுக்குத்தான் காசு. பேரிடர் வந்தால் அவையும் கிடைக்கும்: 2000ல் தொடங்கிய சர்வதேச சாசனம் ஒன்றின்படி விண்வெளி அமைப்புகள் பாதிக்கப்பட்ட நாட்டுக்குப் படங்களை இலவசமாகக் கொடுக்கின்றன.

மேலிருந்தே எல்லாம் அளந்துவிட்டால் தரையில் கருவி எதற்கு?

மேலே இருப்பது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கத்தான். ஏவிய நாளிலிருந்தே கருவியின் உணர்திறன் மெல்லத் தேயும். பக்கத்தில் போய்த் துடைக்கவோ திருகவோ முடியாது. அதனால் நெவாடாவின் வறண்ட ஏரிப்படுகையில் ஆட்கள் கருவியோடு நின்று, மேலே செயற்கைக்கோள் கடக்கும் அதே நேரத்தில் தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று அளந்து ஒப்பிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாத சகாரா மணல்வெளிகளும் உரைகல்லாகப் பயன்படுகின்றன.

ஆனால் மணலுக்கு மேலேயும் தூசி பறக்கும், காற்று கலங்கும். அதைவிட நம்பகமான உரைகல் ஒன்று இருக்கிறது. காற்றில்லை, மழையில்லை, செடியில்லை, நிறம் மாறுவதில்லை. பூமியைப் பார்க்கவென்றே செய்த லேண்ட்சாட்-8, மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி, இரவுப் பக்கத்தில் ஓடும்போது பூமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிலாவை அளந்துவிட்டு வருகிறது.